மாவு எடுத்துக்கிட்டு மணைக்குப் போ

இந்த மே மாதம் முகாம் அடுப்படியில் என் இடத்தில் நிற்கப் போகிறவர்களுக்கு,

ஓய்வு பெற்ற பெரியவர் மாதிரி பேசப் போகிறேன், சிரிக்காதீர்கள். எனக்கு இன்னும் முப்பது கூட ஆகவில்லை. ஆனால் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் கூட்டத்தோடு பல கோடைகள் ஒரே அடுப்பைச் சுற்றி நின்றவனுக்கு, வேலையிலிருந்து விடுபடும்போது நாலு வார்த்தை பேச உரிமை உண்டு என்றே நினைக்கிறேன். புனேயில் புது வேலை. மூட்டை கட்டியாகிவிட்டது. கட்டாமல் மிச்சமிருப்பது இந்த நினைவுகள்தான்.

எவ்வளவு மாவுக்கு எவ்வளவு தண்ணீர், எந்தக் கத்தியைப் பிள்ளைகள் கையில் தரலாம் என்பதெல்லாம் ஜெசிந்தா அக்கா சொல்லித் தருவார். முகாமில் தமிழ் இலக்கணமும் அவர்தான், பாத்திரக் கணக்கும் அவர்தான். நான் சொல்ல வந்தது வேறு.

எங்கள் முகாம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். பெங்களூருவின் விவேக் நகரிலும் நீலசந்திராவிலும் ஜீவனஹள்ளியிலும் வீட்டில் தமிழ் கேட்கும் பிள்ளைகள், தெருவில் கன்னடமும் பள்ளியில் ஆங்கிலமும் பேசிவிட்டு, அம்மா கூப்பிட்டால் மூன்றையும் கலந்து ஒரு பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் பெயர்ச்சொல் எல்லாம் இருக்கும். வினைச்சொல்தான் இருக்காது. எல்லாமே 'பண்ணு'தான். மிக்ஸ் பண்ணு, கட் பண்ணு, ஃப்ரை பண்ணு. கிளறு, நறுக்கு, வதக்கு, பிசை, உருட்டு எல்லாம் எங்கேயோ தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றை எழுப்பத்தான் அடுப்படி.

அதனால் முதல் கோடையிலேயே ஒரு விதி போட்டேன். அடுப்படிக்குள் 'பண்ணு' கிடையாது. யார் சொன்னாலும் அவர் கையில் ஒரு பன்னைக் கொடுப்போம். அடுத்தவர் சொல்லும்வரை அவர் அதைத் தூக்கிக்கொண்டே நிற்க வேண்டும். இரண்டு சுழி, மூன்று சுழி வித்தியாசமும் நாக்கில் ஏறிவிடும் என்று கணக்கு. தெருமுனை ஐயங்கார் பேக்கரியிலிருந்து சுடச்சுட வாங்கி வந்தேன். வெண்ணெய் வாசனை முகாம் மண்டபம் முழுக்க நின்றது.

அன்றைக்குப் போல 'பண்ணு' என்ற சொல் தமிழ் வரலாற்றிலேயே ஒலித்திருக்காது. டேனியல் என்ற பையன் என் முகத்துக்கு நேராக வந்து நின்றான். "அண்ணா, ஸ்டாண்ட் பண்ணட்டா? சிட் பண்ணட்டா? ஸ்மைல் பண்ணட்டா?" என்றான். கையில் வந்த பன்னைக் கடித்துவிட்டு, "ஈட் பண்ணிட்டேன்ணா, இன்னொண்ணு குடு" என்றான். ஜெசிந்தா அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பன் தீர்ந்தது. விதியும் தீர்ந்தது.

தண்டனை என்று நாம் நினைப்பதைப் பிள்ளைகள் பரிசாக்கிக்கொள்வார்கள். விதி போடுவதற்கு முன்னால் அவர்கள் நாக்காக ஒரு நிமிடம் இருந்து பாருங்கள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் 'வாயும் கையும்' விளையாட்டு. நீங்களும் இதைத்தான் நடத்தப் போகிறீர்கள். ஒருவர் வாய், தமிழில் சொல்ல வேண்டும். இன்னொருவர் கை, சொன்னதை, சொன்ன மாதிரியே செய்ய வேண்டும். கைக்கு மூளை கிடையாது. "உப்பு போடு" என்றால் பொட்டலத்தோடு போடும். "தேங்காயைத் திருகு" என்றால் பம்பரம் மாதிரி சுற்றும். முதல் வாரம் முழுக்க நான்தான் கை. பிள்ளைகள் என்னைக் 'கை அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். பிறகு அவர்களே முறைவைத்துக் கையாக நின்றார்கள். விதிகள் இரண்டே இரண்டு. வாய்க்குத் தமிழ் மட்டும். கை கேள்வி கேட்கக் கூடாது.

அந்த இரண்டாவது விதியை நீங்கள் இப்போது எங்கள் விதித் தாளில் பார்க்க மாட்டீர்கள். அது ஏன் போனது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றினேன்.

போன கோடையில் சிரி என்று ஒரு குழந்தை வந்தாள். ஏழு வயது. அப்பா நீலசந்திராக்காரர், தமிழர், ஓசூரில் ஷிப்ட் வேலை. அம்மா தும்கூர் பக்கம், கோரமங்கலாவில் ஒரு டிராவல் அலுவலகத்தில் இருப்பவர். தமிழ் அவருக்கு ஒரு சொல்கூட வராது. கன்னடத்தில் சிரி என்றால் செல்வம். நம் பிள்ளைகளிடம் அந்தப் பெயரைச் சொன்னால் என்ன ஆகும்? முதல் நாள் ஜெசிந்தா அக்கா "சிரி" என்று கூப்பிட்டதும் மண்டபமே கட்டளைக்குக் கீழ்ப்படிந்து சிரித்தது.

அவள் அம்மா அப்போது வாசலில்தான் நின்றிருந்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கன்னடத்தில் சொன்னார். அவள் அப்பா வீட்டுப் பிள்ளைகள் அதே சந்தில் விளையாடுகிறார்கள், இவளுக்கு அவர்கள் பேச்சு புரியவில்லை, அதனால்தான் இங்கே சேர்க்கிறேன். பெயரை வைத்துச் சிரித்ததில் ஒரு நடன வகுப்பை ஏற்கெனவே நிறுத்தியாகிவிட்டது. இங்கே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, புரியாத பாஷையில் மாட்டிக்கொண்டு இவள் கலங்கினாள் என்றால் நான் கூட்டிக்கொண்டு போய்விடுவேன்.

"ஆயிது மேடம்" என்றேன். சரி என்று ஒத்துக்கொள்வது எவ்வளவு சுலபம்!

சிரி கலங்கவில்லை. அவளுக்குக் கை வேலை பிடித்திருந்தது. கண்ணை அகல விரித்து வாயையே பார்ப்பாள். சொல் விழுந்ததும் நகர்வாள். பாதி சொற்களை அவள் எப்படிப் பிடித்தாள் என்று எனக்குத் தெரியாது. தண்ணீருக்கடியிலிருந்து ஒலி கேட்பவள் போல தலையைச் சாய்த்துக் கேட்பாள், அவ்வளவுதான்.

அன்று வியாழக்கிழமை. பூரி போடும் நாள். மழை வருவதற்கு முந்தைய அந்தப் பெங்களூரு வெளிச்சம் தெரியுமல்லவா, சுவரெல்லாம் மஞ்சள் பூசிய மாதிரி? ஜன்னலுக்கு வெளியே மரம் பூக்களைக் கொட்டிக்கொண்டிருந்தது. மண்டபத்தின் ஒரு மூலை சல்லடை, ஒரு மூலை மணை, கதவருகே அடுப்பு. பூரி தேய்க்கும் மணைகளை வரிசையாக வைத்திருந்த இடத்துக்கே 'மணை' என்று பெயர் வைத்திருந்தோம். "சல்லடைக்குப் போ", "மணைக்குப் போ" என்று பிள்ளைகளை அனுப்புவோம். நடு மேசையில் இரண்டாவது ஈட்டுக்குப் பிசைந்த மாவு, மூடி போட்ட தூக்கில். பக்கத்தில் ஒரு கூடை ரஸ்பூரி மாம்பழம், சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கொன்று கொடுக்க.

ஜெசிந்தா அக்காதான் வாய். மூன்று சுழி 'ண' எல்லாம் அவர் சொல்லிக் கேட்க வேண்டும். நாக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டு வருவது கண்ணுக்கே தெரியும்.

"சிரி, மாவு எடுத்துக்கிட்டு மணைக்குப் போ."

அந்த நேரத்தில் கேஸ் சிலிண்டர் வண்டி வந்தது. வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டு சிலிண்டரை உருட்டிக்கொண்டு அடுப்புக்கு வந்தார். நான் அவரோடு குனிந்து நின்றேன். நிமிர்ந்தபோது எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, பிள்ளைகள் வட்ட வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சிரி இல்லை.

முதலில் யாருக்கும் பதறவில்லை. பாத்ரூமில் பார்த்தோம். மேடைக்குப் பின்னால் பார்த்தோம். "சிரி! சிரி!" என்று கூப்பிடக் கூப்பிட, பழக்க தோஷத்தில் இரண்டு பிள்ளைகள் சிரித்தார்கள், ஜெசிந்தா அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அப்புறம்தான் திறந்து கிடந்த கேட்டைப் பார்த்தேன். அடுப்பை அணைத்தேன். வாட்ச்மேன் சிலிண்டர் சாவியைக் கையில் பிடித்தபடியே தெருவுக்கு ஓடினார்.

தெருவில் தேவாலயத்துக்கு வரும் வியாழக்கிழமைக் கூட்டம். உங்களுக்குத் தெரிந்த கூட்டம்தான். மெழுகுவத்தி வாங்குகிறவர்கள், பூ விற்கிறவர்கள், ஆட்டோக்கள், நகராத பஸ். அதற்குள் ஏழு வயதுக் குழந்தை.

முகாம் பொறுப்பாளர் என் தோளைப் பிடித்தார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்காகத் தன் விடுமுறையையெல்லாம் கொடுப்பவர். "தம்பி, அவங்க அம்மாவுக்கு இப்ப போன் அடிக்காதப்பா. பத்து நிமிஷம் தேடுவோம். இங்கதான் எங்கியாவது இருக்கும். சும்னே அந்தம்மாவ கலவரப்படுத்திட்டு, அப்புறம் கொழந்த மேடைக்கடியில ஒக்காந்திருந்தா நம்ம மானம் என்னாவறது?"

"இல்லன்னா சார்?"

"என்ன இல்லன்னா?"

"மேடைக்கடியில இல்லன்னா?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்தில் ஒன்பது தடவை குழந்தை மேடைக்கடியில்தான் இருக்கும். எனக்குமே விரல் எழவில்லை. போன் செய்தால் அந்த அம்மா சொன்ன 'ஒரே ஒரு தடவை' முடிந்துபோகும், சிரி நாளையிலிருந்து வர மாட்டாள். இதை யோசித்துக்கொண்டு நான் நின்றது ஒரு மூச்சு நேரம் இருக்கலாம். அந்த மூச்சு இன்னும் என் நெஞ்சுக்குள் எங்கேயோ இருக்கிறது. அப்புறம் அந்த அம்மாவின் எண்ணை அழுத்தினேன். "நீங்க தேடுங்க சார், நான் பேசுறேன்" என்றேன்.

"ஹேளி" என்றார் சிரியின் அம்மா. சொல்லுங்கள்.

சிரியைக் காணவில்லை, கேட் திறந்திருந்தது, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று கன்னடத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. இறுக்கிப் பிடித்த குரலில் ஒரே கேள்வி கேட்டார். "அவளிடம் கடைசியாக யார் பேசினார்கள்? என்ன சொன்னார்கள்?"

ஜெசிந்தா அக்காவைப் பார்த்தேன். "நான் எதுவும் திட்டலையே! மாவு எடுத்துக்கிட்டு மணைக்குப் போன்னு சொன்னேன். அவ்வளவுதான்" என்றார். கண் நிறைந்திருந்தது.

"மாவு எடுத்துக்கிட்டு மணைக்குப் போ என்று சொன்னார்களாம்" என்று போனில் சொன்னேன். அந்த வாக்கியத்தை மட்டும் தமிழில், அப்படியே.

பிறகு அந்த அம்மா சொன்னார். "மனெகெ ஹோகிதாளெ."

வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

மேசையைத் திரும்பிப் பார்த்தேன். மாவுத் தூக்கின் மூடி திறக்கவேயில்லை. மாம்பழக் கூடையில் உச்சியிலிருந்த பழத்தைக் காணோம். கன்னடத்தில் மாவு என்றால் மாம்பழம். மனெ என்றால் வீடு. முதல் வகுப்புப் புத்தகத்திலேயே படத்தோடு இருக்கும் சொற்கள். அந்தக் குழந்தை மாம்பழத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று கேட்டிருக்கிறாள். எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். கை கேள்வி கேட்கக் கூடாதே!

நான் இந்த ஊரில் பிறந்தவன். கன்னடத்தில் சண்டை போடத் தெரியும், கன்னடத்தில் கனவுகூட வரும். அந்த வாக்கியத்தை என் காதாலேயே கேட்டேன், எனக்கு மாவும் மணையும்தான் கேட்டது. தமிழே தெரியாத அந்த அம்மாவுக்குத்தான் அது முதல் தடவையிலேயே சரியாகக் கேட்டது. 'தமிழ் மட்டும்' என்ற விதியை வாய்க்குத்தான் போட்டோம். நாளாக ஆக, எங்களுக்கே தெரியாமல், அதைக் காதிலும் மாட்டிக்கொண்டிருந்தோம்.

"வீடு பூட்டியிருக்கு" என்றார் அந்த அம்மா. "நான் ஆட்டோ பிடிக்கிறேன். நீங்கள் ஓடுங்கள். அவள் தினமும் என்னோடு நடந்து வரும் வழி ஒன்றுதான் அவளுக்குத் தெரியும். போனை வைக்காதீர்கள். நான் சொல்லச் சொல்லப் போங்கள்."

அந்த ஓட்டத்தை நான் எத்தனையோ தடவை மனதில் மறுபடி ஓடியிருக்கிறேன். கனவில் நடப்பது போலவே இருந்தது. கூட்டம் மெதுவாக விலகியது. பஸ் வாய் திறந்து ஒலித்தது, ஒலி எனக்குக் கேட்கவில்லை. காதுக்குள் அவர் குரல் மட்டும். "பூக்கடை வரும். பலக்கே." வலப்பக்கம் திரும்பினேன். "பெரிய சாலை. அங்கே அவள் என் கையைப் பிடித்துத்தான் கடப்பாள்." சாலையைப் பார்த்தேன். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன, வேறொன்றும் இல்லை. "கடந்துவிட்டேன்" என்றேன். "பால் பூத். எடக்கே." இடப்பக்கம். அவர் வாய், நான் கை. மூளை இல்லாத கையாக இருப்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எவ்வளவு பெரிய ஆபத்து என்றும்.

மஞ்சள் வெளிச்சத்தில் முதல் துளி விழுந்தது. "பச்சை கேட். மாடிப்படி" என்று சொல்லும்போதே நான் பச்சை கேட்டைப் பார்த்துவிட்டேன்.

படியின் உச்சியில், பூட்டிய கதவுக்கு முன்னால், சிரி உட்கார்ந்திருந்தாள். மடியில் மாம்பழம். கடிக்கவில்லை, நசுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. பந்தயத்தில் ஜெயித்தவள் மாதிரி.

"இருக்கா மேடம். வீட்டு வாசல்ல இருக்கா" என்று தமிழிலேயே கத்தினேன். அவருக்குப் புரிந்தது. மூச்சு வெளியே வரும் சத்தம் கேட்டது, அதோடு தொடர்பு அறுந்தது.

"கை அண்ணா, அப்புறம்?" என்றாள் சிரி.

என்னிடம் அடுத்த வாக்கியம் இல்லை. திட்டலாமா? கட்டிக்கொள்ளலாமா? "தப்பு பண்ணிட்டே" என்றால் அது பொய். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. "நல்லா பண்ணினே" என்றால் நாளைக்கு யாரோ எதையோ சொல்ல, இவள் எங்கேயோ போவாள். எந்தப் பாஷையில் சொன்னாலும் தவறாகும் போலிருந்தது. இங்கே ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குச் சொல் கிடைக்காத நேரம் வரும். அப்போது ஏதாவது சொல்லித் தொலைக்காதீர்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழை வலுத்தது. சந்து முழுக்க மண்வாசனையும் மாம்பழ வாசனையும்.

"ரோட்டை எப்படி தாண்டின?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒரு ஆன்ட்டி கை பிடிச்சிட்டேன்" என்றாள். யாரோ ஒரு அம்மாவின் கை. அந்த முகம் தெரியாத கைக்கு நான் இன்றும் கும்பிடு போடுகிறேன்.

ஆட்டோ வந்து நின்றது. அவள் அம்மா நனைந்துகொண்டே படியேறினார். மூன்று படி கீழே நின்றுவிட்டார். மகளைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார், பழத்தைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் எழுந்து நின்று, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். விளையாட்டையும் சொன்னேன், கை கேள்வி கேட்கக் கூடாது என்ற விதியையும் சொன்னேன், அந்த விதி இன்றோடு முடிந்தது என்றும் சொன்னேன். இனி கை முதலில் திருப்பிக் கேட்கும், அவளுக்குத் தெரிந்த எந்தப் பாஷையிலும் கேட்கும், அப்புறம்தான் நகரும். அவளை நிறுத்த வேண்டாம் என்று மட்டும் நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாயில்லை.

அவர் முந்தானையைப் பிழிந்தார்.

சிரி பழத்தை அம்மா பக்கம் நீட்டினாள். "அம்மா," என்று, அவள் அம்மாவுக்குத் தெரியாத தமிழில், அத்தனை வினைச்சொல்லும் சரியாக வைத்துச் சொன்னாள். "மாவு எடுத்தேன். மனைக்கு வந்தேன். உக்காந்தேன். அப்புறம் என்ன செய்யட்டும்?"

அவர் முகத்தில் என்னவோ தளர்ந்தது. படியில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழத்தை வாங்கி, காம்பைக் கிள்ளி எறிந்து, ஈரத் தலைப்பில் துடைத்து, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"தின்னு மகளே" என்றார்.

அது கன்னடமா தமிழா என்று நான் எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். இரண்டிலும் அதே சொல், அதே வரிசை. சிரி எதையும் திருப்பிக் கேட்கவில்லை. கடித்தாள். சாறு முழங்கைவரை வழிந்தது.

மறுநாள் காலையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டுக்குள் வந்தாள்.